மூச்சை அடைத்த பேஸ் பெட்டி

போன வாரம் நம் ஒலிபெருக்கி செட்டுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். கடை புதிதாகப் போட்டிருக்கிறாராம், மிஷின் எதுவும் இன்னும் வாங்கவில்லையாம். கை ரம்பமும் உளியும் மட்டும் வைத்துக்கொண்டு சப்-ஊஃபர் பெட்டி, அதாவது பாட்டின் தாள அடியை இடியாகக் கொடுக்கிற பேஸ் பெட்டி, அடிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாகப் போட்ட சிரிப்புப் பொம்மைகளையும் பார்த்தேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் மிஷின் வைத்து அடித்த பெட்டிகளை நான் பழுது பார்த்திருக்கிறேன். அதனால் நீங்கள் கொஞ்சம் அடக்கமாகவே சிரிக்கலாம்.

முடியும் தம்பி. நானே ஒருமுறை அடித்திருக்கிறேன். ஆசைப்பட்டு அடிக்கவில்லை, வேறு வழியில்லாமல் அடித்தேன். அந்த ஒரு பகலில் பேஸைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அதற்கு முன்னால் கடை நடத்திய காலமெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம். ரம்பம் பிடிப்பது எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை, அது இரண்டு பலகையை வீணாக்கினால் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு.

உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டில் என் கடை இருந்த காலம். அங்கே ஒரு கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி செட்டு நான் போடுவதாகப் பேச்சு. நல்ல பேஸ் பெட்டிகளும் ஜெனரேட்டரும் போடியில் ஒரு கல்யாணத்துக்குக் கடைப் பையன்களோடு போய்விட்டன. கல்லூரிக்கென்று ஒரே ஒரு பெட்டியை எடுத்து வைத்திருந்தேன். முந்தின நாள் சின்னமனூரில் ஒரு கடைத் திறப்பு விழா முடிந்து அதை ஏற்றி வரும்போது நல்ல மழை. தார்ப்பாய் விலகியது யாருக்கும் தெரியவில்லை. காலையில் கடையைத் திறந்து பார்த்தால், மரத்தூள் பலகையில் செய்த அந்தப் பெட்டி மூலைக்கு மூலை உப்பி, கையை வைத்த இடத்தில் புட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே இருந்த பதினைந்து இன்ச் ஸ்பீக்கர் மட்டும் பிழைத்தது.

சரி, புதுப் பெட்டி அடித்துவிடலாம், நல்ல பிளைவுட் இருக்கிறது என்று கட்டிங் மிஷினைப் போடப் போனேன். சுவிட்சைத் தட்டினால் சத்தமில்லை. எதிரே மெத்தைக் கடைக்காரர் வெளியே வந்து, "பேப்பர் பாக்கலையா நீங்க? இன்னிக்கு பராமரிப்பு. அஞ்சு மணிக்கு மேலதான் கரண்டு" என்றார். விழா ஆறு மணிக்கு.

நம் தொழிலில் பதற்றம் வரும்போது முதலில் கை ஓடும், அப்புறம்தான் புத்தி ஓடும். நானும் அப்படித்தான் பரணிலிருந்து பழைய ரம்பத்தை எடுத்து, பிளைவுட்டை மேசையில் போட்டு அறுக்க ஆரம்பித்தேன். ஒரு வெட்டு முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. அங்கேதான் ஒரு காரியம் செய்தேன். அறுக்க வேண்டிய நீளம் குறையட்டும் என்று பெட்டியின் அளவையே கொஞ்சம் சுருக்கினேன். மிஷின் இருப்பவன் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். கை வலிக்கிறவன் மட்டும் செய்கிற தப்பு இது.

இரண்டாவது வெட்டில் இருக்கும்போது வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

"மாமா, காலேஜ் விழாவுக்கு செட்டு நீங்கதான போடுறீக? பேஸ் பெட்டி வருதுல்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வரும்மா. இந்தா கெடக்குதுல்ல."

"இது பலகையால்ல இருக்கு."

"சாயங்காலம் பெட்டியாயிரும். நீ யாரு தாயி, பேஸ் பெட்டியத் தேடி வர்ற அளவுக்கு?"

அவள் பெயர் முபீனா. கூட வந்தவளைக் காட்டிச் சொன்னாள். "இவ தேன்மொழி. எங்க கிளாஸ்தான். பொறந்ததுலருந்தே காது கேக்காது, பேச்சும் வராது. ஆனா எங்க எல்லாரவிடவும் நல்லா ஆடுவா மாமா. மேடைப் பலகை அதிருதுல்ல, அதக் காலு வழியா எடுத்துக்கிருவா. நேத்து ரிகர்சலுக்கு ஹால்ல இருக்க குட்டி ஸ்பீக்கரத்தான் போட்டாக. அதுல ஒரு அதிர்வும் இல்ல. எங்களப் பாத்துப் பாத்து ஆடுனதுல இவளுக்கு அரைத் தாளம் பிந்திருச்சு. அதப் பாத்துட்டு மேடம், இவ பின் வரிசையில நிக்கட்டும்னு சொல்லிட்டாக. பேஸ் பெட்டி வந்தா முன்னாடிதான் நிப்பான்னு நாங்க சண்ட போட்டு வச்சிருக்கோம்."

தேன்மொழி என்று பிறந்த அன்றே ஆசையாக வைத்த பெயராக இருக்கும். அந்த மேடத்தையும் குறை சொல்ல முடியாது. முன் வரிசையில் தாளம் தப்பினால் ஹால் முழுக்க அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துச் சிரிக்கும் என்று அவர் பயந்திருக்கிறார். ஆனால் பின் வரிசையில் நின்றால் தேன்மொழிக்கு முன்னால் முதுகுகள்தான் இருக்கும். முதுகைப் பார்த்து எவ்வளவு ஆடிவிட முடியும்? அது வரைக்கும் எனக்கு அன்றைய வேலை ஒரு செட்டு, அவ்வளவுதான். அதன் பிறகு அப்படி இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தேன்மொழி அறுத்த பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அறுக்கச் சொல்லி சைகை காட்டினாள். அறுத்தேன். ரம்பம் ஓடுகிற அதிர்வைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இவள் இதைக் கேட்கிறாளா, தொடுகிறாளா, அதற்கு என்ன சொல் என்று எனக்குப் புரியவில்லை. அறுப்பதை நிறுத்திவிட்டு நானும் கையை வைத்துப் பார்த்தேன். பிறகு, நான் கையை வைத்துக்கொண்டிருந்தால் யார் அறுப்பது என்று ஞாபகம் வந்தது.

இரண்டு பேரும் போகவில்லை. பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். கைவேலையில் பெட்டி அடிப்பதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அவசரப்பட்டால் வெட்டு கோணும், கோணினால் இடுக்கு விழும், இடுக்கு விழுந்தால் காற்று சீறும். ஆகவே கோட்டுக்கு வெளியே அறுத்து, மிச்சத்தை இழைப்புளியால் சீவிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கான வட்டத்தை ஆணியும் நூலும் வைத்து வரைந்தேன். கோட்டை ஒட்டி உள்பக்கமாகக் கையால் சுற்றுகிற ட்ரில்லால் வரிசையாகத் துளை போட்டு, உளியால் தட்டி எடுத்தேன். வெட்டி எடுத்த வட்டப் பலகை ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தது. அதைத் தூக்கி மூலையில் எறிந்தேன். இடுக்குகளுக்கு அறுத்த மரத்தூளையே பசையில் குழைத்து அப்பினேன். இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பு போதாமல், பெட்டியைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, அதற்குள் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினேன்.

அப்புறம் மூச்சு. பெட்டிக்குள் இருக்கிற காற்று வெளியே வந்து போக நாம் வைக்கிற குழாயைத்தான் சொல்கிறேன். நம் பக்கத்தில் பேஸ் பெட்டி வாங்க வருகிற யாரும் முதலில் கேட்பது, "மூச்சு வச்சதா, மூச்சு இல்லாததா?" என்பதுதான். மூச்சு வைத்ததுதான் இடிக்கும், மூச்சில்லாதது மொக்கை என்று எல்லாரும் நம்புகிறோம். நானும் யோசிக்கவே இல்லை. ஸ்பீக்கருக்குக் கீழே இன்னொரு துளை போட்டு, நாலு இன்ச் பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டிச் செருகிவிட்டேன்.

சோதித்துப் பார்க்க கரண்டு வேண்டுமே? அதற்குச் சுருளி கிடைத்தான். கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரன் அவன். அன்று தோட்டத்தில் வேலை இல்லை என்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். அவன் ஜீப்பில் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிஃபையர் உண்டு. ஜீப்பைப் பின்னால் எடுத்து வாசலோடு ஒட்டி நிறுத்தினான். மேடை மாதிரி இருக்கட்டும் என்று செங்கல் மேல் இரண்டு நீளப் பலகைகளைப் போட்டு, பெட்டியை அவற்றின் ஒரு முனையில் வைத்தேன். தேன்மொழி செருப்பைக் கழற்றிவிட்டு மறுமுனையில் ஏறி நின்றாள். முபீனா போனில் அவர்கள் ஆடப்போகும் பாட்டைப் போட்டாள்.

பெட்டி இடித்தது. ஜீப் கண்ணாடி கடகடவென்று ஆடியது. "நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குதுண்ணே" என்று சுருளி சந்தோஷமாகச் சொன்னான். கையால் அறுத்த பெட்டி இப்படி இடிக்கிறதே என்று எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

தேன்மொழி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டல். முதலில் பெட்டியின் பின்மூலையைக் காட்டினாள். போய்ப் பார்த்தால் ஒரு திருகாணி முழுசாக இறங்காமல் படபடத்துக்கொண்டிருந்தது. அதை முறுக்கினேன். மறுபடி பாட்டைப் போட்டோம். மறுபடியும் தலையாட்டினாள். முபீனாவிடம் கையால் ஏதோ சொன்னாள்.

"அதிருதாம் மாமா. ஆனா ஒரே இதா அதிருதாம். மாவாட்டுற கிரைண்டர் மேல ஏறி நிக்கிற மாதிரி இருக்காம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். பெட்டி சிறிதாகிவிட்டது, அதனால்தான் குழப்பம். உள்ளே பஞ்சு வைத்தால் சின்னப் பெட்டியும் கொஞ்சம் பெரிய பெட்டி மாதிரி நடந்துகொள்ளும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மற்ற ஊர்க்காரன் அதற்கென்று விற்கிற பாலியஸ்டர் பஞ்சைத் தேடுவான். நமக்கு எதிரிலேயே மெத்தைக் கடை இருக்கிறது, போடியிலிருந்து வந்த இலவம் பஞ்சு மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஒரு பை வாங்கி வந்து, ஸ்பீக்கரைக் கழற்றி, பஞ்சை உள்ளே அடைத்து, மறுபடி மாட்டினேன்.

இலவம் பஞ்சின் குணம் உங்களுக்குத் தெரியும். ஊதினால் போதும், பறக்கும். அதை மூச்சு வைத்த பெட்டிக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. பாட்டைப் போட்டதும் முதல் அடிக்குக் குழாயிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சு வெளியே வந்தது. இரண்டாவது அடிக்கு இன்னொரு கொத்து. கொஞ்ச நேரத்தில் கடை முழுக்கப் பஞ்சு. முபீனாவின் துப்பட்டா வெள்ளையாகிவிட்டது. சுருளி ஜீப்பில் சாய்ந்துகொண்டு, "பெட்டிக்குச் சளி புடிச்சிருச்சுண்ணே, மூக்கச் சிந்துது" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, இவனுக்கு விளையாட்டு. ஆனால் தேன்மொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே பலகையில் நடந்து வந்து பெட்டி முன்னால் குத்தவைத்து, இனி பஞ்சு வராதபடி இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினாள்.

அப்படியே சிரிப்பு நின்றுவிட்டது. கையை எடுத்தாள். மறுபடி மூடினாள். எடுத்தாள், மூடினாள். பாதம் பலகையிலேயே இருந்தது. பிறகு மூடிய கைகளோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இந்த முறை ஆமாம் என்கிற அசைவு.

"என்னண்ணே, சத்தம் கொறஞ்சு போச்சு" என்றான் சுருளி. என் காதுக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் மூடும்போதெல்லாம் பேஸ் இளைத்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்தது வேறு கதை. அது என்ன கதை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே கிடந்த பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் நின்ற இடத்தில் பலகையில் ஏறி நின்றேன். மூடித் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

குழாய் திறந்திருந்தபோது ஒரு அடி விழுந்து, அதன் வால் நீண்டு, அது முடிவதற்குள் அடுத்த அடி அதன் மேல் விழுந்தது. பாதத்துக்கு எல்லாம் ஒரே அதிர்வு. கிரைண்டர் என்று அவள் சொன்னது சரிதான். மூடியபோது, ஒரு அடி. நின்றது. ஒரு அடி. நின்றது. குதிகாலில் யாரோ விரலால் எண்ணிச் சொல்வது மாதிரி இருந்தது.

இறங்கி வந்ததும் தேன்மொழி கையால் சொன்னதை முபீனா சொன்னாள். "அடி விழுறது மட்டும் தெரிஞ்சாப் பத்தாதாம் மாமா. அது நிக்கிறது தெரியணுமாம். நின்னாத்தான அடுத்தது எப்ப வருதுன்னு தெரியும்?"

எத்தனை பெட்டி அடித்திருப்பேன். எத்தனை பேர் வந்து, "இடிக்குமா?" என்று கேட்டிருப்பார்கள். "நிக்குமா?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. பஞ்சு வைத்ததுகூடத் தப்பில்லை. மூச்சு வைத்த பெட்டியில்தான் அது தப்பு. மூடிய பெட்டியில் அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஆனால் மூச்சை அடைத்தால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடி குறையும். கல்லூரிப் பையன்கள் விடமாட்டார்கள், என் செட்டின் பெயர் கெடும். சுருளி ஒரு வழி சொன்னான். "இவுக ஆடுறப்ப மட்டும் ஒரு துணியச் சுருட்டிச் சொருகிக்கங்கண்ணே." நல்ல யோசனை மாதிரிதான் தெரிந்தது. சொருகிப் பார்த்தேன். துணியின் ஓரத்தில் காற்று விசிலடித்தது, நாலாவது அடியில் துணி வெளியே வந்து விழுந்தது. நிகழ்ச்சி நடுவே மேடையில் அது நடந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

தம்பிகளே, நெருக்கடியில் இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்துகிற வழி ஒன்று எப்போதும் கண்ணில் படும். அது பெரும்பாலும் நடுவழியில் கழன்று விழும். யாருக்காகச் செய்கிறோம் என்று ஒரு ஆளை முடிவு பண்ணிக்கொண்டு, மற்றவர்களிடம் திட்டு வாங்கிக்கொள்வது மேல்.

மூலையில் எறிந்த வட்டப் பலகையைத் தேடி எடுத்தேன். காற்று கசியாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து அதற்கு அடியில் கொடுத்து, குழாயின் வாய்க்கு மேல் வைத்துத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டேன். பல் பல்லான அந்த வட்டம் பெட்டியின் முகத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. பெயின்ட் அடிக்கவும் நேரமில்லை. சுருளி ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனோம்.

ஐந்து மணிக்குச் சொன்ன கரண்டு ஐந்தரைக்கு வந்தது. பெட்டியை வழக்கம்போல் தரையில் வைக்காமல், மேடைப் பலகையின் மேலேயே ஓரமாக வைத்தேன். முதல் பாட்டு ஓடியதுமே ஒரு பையன் வந்து, "என்ன அங்கிள், போன வருசம் மாதிரி இடிக்கவே இல்ல. ஏத்தி விடுங்க" என்றான். "இது இடிக்கிற பெட்டி இல்லப்பா, நிக்கிற பெட்டி" என்றேன். இந்த ஆளுக்கு வயதாகிவிட்டது என்று முகத்திலேயே எழுதிக்கொண்டு போனான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் வந்த வழியிலேயே, "பேஸ் செத்துப்போச்சு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அதற்குள் அந்த மேடம் வந்தார். "பேஸ் பெட்டி இதுதானாங்க? இந்தப் பொண்ணு சமாளிச்சிருமா? எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"நான் சொன்னா நம்ப மாட்டீக மேடம். செருப்பக் கழட்டிட்டு இங்கன வந்து நில்லுங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் திரைக்குப் பின்னால் வந்து, செருப்பைக் கழற்றி, மேடைப் பலகையில் நின்றார். முன்னால் அடுத்த நிகழ்ச்சிக்கான பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கீழே பார்த்தபடியே நின்றார். அவருடைய பெருவிரல் தாளத்துக்குத் தட்டுவதை நான் பார்த்தேன், அவர் அதைக் கவனிக்கவில்லை. "சரி, முன்னாடியே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு பிள்ளைகள். முன் வரிசை நடுவில் தேன்மொழி. நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பாதியில் ஒரு இடம் வரும். எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும், ஆடுகிறவர்களும் சிலையாக நிற்பார்கள், மறுபடி பேஸ் அடியோடு ஆரம்பிக்க வேண்டும். நின்றார்கள். அவ்வளவுதான், ஹால் எழுந்துவிட்டது. விசில், கைத்தட்டல், நாற்காலியைத் தட்டுகிற சத்தம். பேஸ் செத்துப்போச்சு என்றவன்தான் எல்லாரையும்விடப் பலமாக விசிலடித்தான். பாட்டு மறுபடி ஆரம்பித்தது மிக்சரில் எரிந்த விளக்கை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது. காதுக்கு ஒன்றுமே வரவில்லை.

மேடையில் பிள்ளைகள் தடுமாறினார்கள். ஒருத்தி முன்னால் அடி வைத்தாள், இன்னொருத்தி வைக்கவில்லை, பின் வரிசை குழம்பியது. முபீனா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். தேன்மொழி மட்டும் தன் பாட்டுக்கு, கொஞ்சமும் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தாள். விசில் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் முபீனா அவளோடு சேர்ந்தாள், பிறகு முன் வரிசை, அதன் பிறகு பின் வரிசை. அவ்வளவு பேரும் சேர்ந்து மிதித்ததில் மேடை அதிர்ந்தது.

முடிந்ததும் முபீனா மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தேன்மொழி, முகமெல்லாம் வியர்வை, தலையில் இன்னும் ஒரு துணுக்கு இலவம் பஞ்சு.

"மாமா, நடுவுல எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல" என்றாள் முபீனா. "இவ காலப் பாத்துத்தான் எல்லாரும் ஆடுனோம்."